கிடாருக்குள் ஒட்டியிருந்த தாள்

"கொழுந்து பறிக்கிற ஊட்டுப் புள்ளைக்குக் கிடாரப் பத்தி என்னம்மா தெரியும்?"

ஏலக்கடை முதலாளி இதைக் கோபமாகக் கேட்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, சிரித்துக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிளஸ் டூ முடித்து, குன்னூரில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவது அவர் தொழில். பங்களாவுக்குப் போய், ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, நம்பர் ஒட்டி, இங்கிலீஷில் லிஸ்ட் எழுதுவது என் வேலை. என் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அந்த நினைப்பு என் நடையிலேயே தெரியும் என்று அம்மா சொல்வாள்.

அன்றைக்கு ஜெகதளாப் பக்கத்துப் பங்களா ஒன்று. குடை ஸ்டாண்டு, நாய் படுக்கும் கூடை, சுவரில் மாட்டியிருந்த கிடார், மூன்றும் சேர்த்து ஒரே நம்பர் என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் கிடாருக்குத் தனி நம்பர் ஒட்டியிருந்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குங்க சார்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சிலோன்காரங்க கம்பளியும் தேயிலைப் பொட்டியும் கொண்டாந்தாங்கன்னு கேட்டிருக்கறேன். கிடார் வேறயா? நல்லாருக்குது போ!"

தேயிலைப் பெட்டி என்றது சரிதான். எங்கள் கிடார் அதற்குள்தான் இருந்தது. இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு வந்ததும் துரையும் துரைசாணியும் ஊருக்குக் கிளம்பினார்கள். போகும்போது துரைசாணி அந்தக் கிடாரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் இல்லாத நேரத்தில் அப்பா அதைத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு மூன்று பாட்டுத்தான் வாசிக்க வரும். மூன்றும் கட்டைவிரலால்.

இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் சேர்ந்த பிறகு, அப்பா இரண்டு பழைய தேயிலைப் பெட்டிகளை வெட்டி இணைத்து, உள்ளே ஈயத்தாள் கிழியாமல் ஒட்டி, கிடார் நீளத்துக்கு ஒரு பெட்டி செய்தார். தேயிலைக்கு ஆகாதது கிடாருக்கும் ஆகாது என்பது அவர் கணக்கு. ஆடி மழையில் எங்கள் லைன் வீட்டில் பாயும் போர்வையும் பூசணம் பிடிக்கும். கிடாரில் ஒரு புள்ளி விழுந்ததில்லை.

அந்தக் கிடார்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டை விட்டுப் போவதாக இருந்தது. பஜாரில் தையல்கடை வைத்திருந்த ஒருவர், தன் மகன் ஆசைப்படுகிறான் என்று, கிடாருக்குப் பதிலாக ஒரு பழைய தையல் மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தார். மெஷின் எனக்காக. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "லிஸ்ட்டு எழுதுற வேல எத்தன நாளைக்கு? கட்டிக்கிட்டுப் போற வீட்டுல மெஷினு இருந்தா கொழுந்துக்குப் போவாம பொழைச்சிக்கிருவ" என்றாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது விலை போகிற கிடார் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்ததெல்லாம் வீம்பு.

முதலாளி டீ குடித்து முடித்து மாடிக்குப் போனதும் சுவரில் இருந்த கிடாரைக் கழற்றி மடியில் வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தபோது இதே மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். கையில் எடுத்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். துளையைச் சுற்றிச் சின்னச் சின்ன மரத்துண்டுகளால் பதித்த அதே கோலம். பச்சை, பழுப்பு, பச்சை, நடுவில் ஒரு கறுப்புக் கட்டம். தலைப்பக்கத்தில் அதே மூன்று வளைவு. கழுத்தின் பின்புறம் என் உள்ளங்கைக்குப் பழக்கமான அதே பருமன். இரண்டையும் செய்தது ஒரே கை.

ஒரு வித்தியாசம் இருந்தது. துளைக்குள்ளே, முதுகுப் பலகையில், பழுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மேலே அச்சடித்த இங்கிலீஷ். பட்டறையின் பெயர், ஊர், முகவரி, முழுவதும் கையால் செய்தது என்று ஒரு வரி, ஜப்பானில் செய்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே கறுப்பு மையில், தூரிகையால் எழுதிய நாலைந்து எழுத்துகள். பக்கத்தில் சிவப்பு முத்திரை.

அந்தக் கறுப்பு எழுத்துகளைப் பார்த்ததும் கிடாரை நழுவவிட்டிருப்பேன். அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினோரு வயதில், தலைமன்னாரில்.

கோச்சியிலிருந்து, அதாவது ரயிலிலிருந்து, இறங்கி இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்திருந்த கூட்டம் அது. மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். வேறு தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். "ஜப்பான் சாமான், சீமைச் சாமான்னு தெரிஞ்சிச்சோ, அந்தக் கரையில புடுங்கிக்கிருவாங்களாம். பேரு இருந்தாத்தான் கேப்பாங்களாம். பேரு இல்லாட்டி ஒண்ணும் கேக்க ஏலாதாம்."

கூட்டத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு. அப்பா கிடாரை என்னிடம் கொடுத்து, "இதுல ஜப்பான்னு போட்டிருக்கா பாரு" என்றார். போட்டிருந்தது. என் கைதான் துளைக்குள் நுழையும் அளவில் இருந்தது. துணியை நனைத்து ஊறவைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டினேன். தாள் உரிந்து உரிந்து வந்தது.

அதைப் பார்த்து மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒருவருடைய ரேடியோ. ஒருவருடைய சுவர்க்கடிகாரம். ஒரு அம்மாவுடைய தையல் மெஷினில் தங்க நிறத்தில் பளபளக்கும் எழுத்து. ஃபிளாஸ்க்கின் அடிப்பாகம்கூட. எது பெயர், எது வெறும் அலங்காரம் என்று நான் விரல் வைத்துக் காட்டவேண்டும். செங்கல் சில்லால் நானே தேய்த்தேன். "படிச்ச புள்ள, படிச்ச புள்ள" என்றார்கள். யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். அன்று நான் ஒரு சாண் வளர்ந்திருப்பேன்.

அந்தக் கரையில் யாரும் எதையும் பிடுங்கவில்லை. குடும்ப அட்டையைப் பார்த்தார்கள், நகை இருக்கிறதா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். தையல் மெஷின் அம்மாவிடம் மட்டும், சாமான்களைக் குறித்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, "என்ன மேக்கும்மா, எந்தக் கம்பெனி?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமின் வாசலில் சாமான் வாங்க வந்தவர்கள் இன்னும் மோசம். "பேரத் தேச்சிருக்கீங்களே, திருட்டு மாலா?" என்று கேட்டுப் பாதி விலைக்குக் கேட்டார்கள். அந்த அம்மா அந்த விலைக்குத்தான் கொடுத்தாள். இதை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. நானும் அதை மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

லிஸ்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தாளை அப்படியே பார்த்து எழுதினேன். இங்கிலீஷ் ஒரு நிமிடத்தில் முடிந்தது. கறுப்பு எழுத்துகளை எழுதத் தெரியவில்லை. எந்தக் கோடு முதலில், எது மேலிருந்து, எது பக்கவாட்டில் என்று புரியாமல், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரைந்தேன். கீழே வந்த முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கோலம் போட்டுப் பழகறயா?"

"லேபிளுங்க சார்."

"லேபிள விக்கப் போறமா, கிடார விக்கப் போறமா?"

அதற்கு வெள்ளிக்கிழமை பதில் கிடைத்தது. ஏலத்துக்கு முந்தின நாள் சாமான் பார்க்க வருகிறவர்கள் வருவார்கள். ஊட்டி பெர்ன்ஹில்லிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆங்கிலோ இந்தியர், ஸ்கூலில் பாட்டு வாத்தியாராக இருந்தவராம். மேஜையையும் திரைச்சீலையையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கிடாரிடம் போனார். விரல் முட்டியால் பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். துளையின் விளிம்பை நகத்தால் தடவினார்.

"இங்க பாரு கேர்ள். மேல ஓடற மர ரேகை அப்படியே மடங்கி விளிம்புக்குள்ள போகுதா? இது ஒரே பலகை. பிளைவுட்னா அடுக்கடுக்கா தெரியும், கேக் மாதிரி." பிறகு திருப்பினார். முதுகில் நீளமாக ஒரு வெடிப்பு. "கணப்படுப்புக்கு மேல மாட்டி வெச்சிருக்கானுங்க, மடையனுங்க!"

எங்கள் வீட்டில் இதே கை செய்த இன்னொன்று இருக்கிறது, வெடிப்பே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அது எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் கிடார்கள் கொழும்புத் துறைமுகத்துக் கடையில் வந்து இறங்கும், கப்பலில் போகிற வருகிற துரைமார் வாங்குவார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். கேட்டது ஒன்றுதான்.

"லேபிள் இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"ஓ." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப யாரு நம்புவா? அந்தக் கறுப்பு மை, அது செஞ்சவனோட கையெழுத்து. ஒவ்வொண்ணுலயும் அவனே உக்காந்து போட்டது. அதுக்குத்தாம்மா நான் ஊட்டியிலிருந்து இறங்கி வந்திருக்கேன்."

சனிக்கிழமை ஏலத்தில் அவரும் பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆளும் மாறி மாறிக் கேட்டார்கள். பங்களாவின் சாப்பாட்டு மேஜையும் எட்டு நாற்காலியும் சேர்ந்து போன விலையை, முதுகு வெடித்த அந்தக் கிடார் தாண்டிக்கொண்டிருந்தது. முதலாளி கையில் இருந்த மரச்சுத்தியைத் தட்ட மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். கடைசியில் அந்த அம்மாவுக்கே போயிற்று. முதலாளி என் பக்கம் திரும்பி, "நாய்க்கூடையோட சேத்து உட்டிருப்பேனேம்மா!" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

வீடு திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தேன். தட்டிப் பார்த்தேன். அதே சத்தம், அதைவிடச் சுத்தமாக. விளிம்பில் ரேகை மடங்கி உள்ளே போனது. கம்பிகளைத் தளர்த்தி, கண்ணாடியைத் துளைக்குள் சரித்து, டார்ச் அடித்தேன்.

தாள் இருந்த இடம் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. அதற்கு மேலே, கழுத்து வந்து சேருகிற மரக்கட்டையில், சுட்டு வைத்த முத்திரை ஒன்று. அதன் கீழே ஒரு எண். முதல் இரண்டு இலக்கம் தெளிவாக இருந்தது. மீதி இடத்தில் மரம் குழி குழியாகக் கிடந்தது. கரண்டிக் காம்பின் வேலை. என் கை அன்று இவ்வளவு உள்ளே போயிருக்கிறது. யாரும் சொல்லாமலே, தடவித் தேடிச் சுரண்டியிருக்கிறேன்.

அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்தபோது நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஏலத்தில் நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டு மேஜை விலை என்றதும் அம்மா உலையில் போட இருந்த அரிசியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"நம்மளுது ஒடைசல் இல்லயே, அப்ப இன்னும் கூடத்தான போவும்?" என்றாள்.

"போவாதும்மா. அந்தத் தாளு இருந்தாத்தான் போவும். அத நான் சொரண்டிட்டேன்."

"நாந்தான புள்ள சொரண்டச் சொன்னேன்" என்றார் அப்பா.

"நீங்க ஜப்பான்னு இருக்கறத எடுக்கச் சொன்னீங்க. கீழ கறுப்பா என்னான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அழுக்குப்பான்னு சொன்னேன்." எனக்கு அழுகை வந்தது. "அது எழுத்துன்னு எனக்குத் தெரியும்பா. எனக்கு வாசிக்கத் தெரியல. அத்தன பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தேயிலைத் தூசி உதிர்ந்தது. திரும்பாமலே சொன்னார்.

"எனக்கும் தெரியும்."

"என்னா தெரியும்?"

"அழுக்கு இல்லன்னு. தொரசாணி ஒரு நாளு காட்டியிருக்கு. செஞ்சவரோட கையெழுத்துன்னு சொல்லிச்சு."

எனக்கு ஒரு நொடி அவர் சொன்னது விளங்கவில்லை. "அப்பறம் ஏம்பா விட்டீங்க?"

"நீ அழுக்குன்ன. படிச்ச புள்ள நீ. தொரசாணி என்னமோ வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கும், நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்னு நெனச்சேன்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தருக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி. ஒருத்தருக்குத் தெரியும், தெரியாத மாதிரி. நல்ல குடும்பம்!" என்றுவிட்டு உள்ளே போய் அரிசியைப் போட்டாள். நான் சிரிக்கவில்லை. இதைத் தவிர இந்த மனிதர் எத்தனை விஷயத்தில் என் வார்த்தைக்காகத் தன் அறிவை ஒதுக்கி வைத்திருப்பார் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, எந்த ஆபீஸ் கடிதம்?

ஞாயிறு காலை தையல்கடைக்காரர் மெஷினைத் துணி சுற்றி, ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஏனுங்க, பையன் ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. கிடாரக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பறனுங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு" என்றார்.

விற்கவேண்டாம், இதன் விலை இவ்வளவு என்று, பழைய நானாக இருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன். தாளில்லாத கிடாருக்கு விலை இல்லை, மெஷினை வாங்கிக்கொள்ளலாம் என்றும் வாய்வரை வந்தது. இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். அப்பா கேட்டதற்கு அதுவரை நான் சொல்லாத பதில். "தெரிஞ்சிக்கிட்டு சொல்றேன். அதுவரைக்கும் குடுக்க வேணாம்."

அப்பா தையல்கடைக்காரரிடம் கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க. புள்ளைக்குத் தெரியலங்குது."

"தெரியலங்கறதுக்கா ஒரு மெஷின உடறீங்க?" அவருக்கு நம்பமுடியவில்லை. "பேரில்லாத கிடாருங்க அது. இதுக்கு மேல எவன் வருவான்? நாளைக்கு நீங்களே வருவீங்க, அப்ப மெஷின் இருக்காது, பாத்துக்கங்க." ஆளைக் கூப்பிட்டு மெஷினைத் திரும்பத் தூக்கச் சொன்னார். அது படியிறங்கிப் போவதை அம்மா கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அன்று மத்தியானம் நான் கிடாரின் அளவுகளை எடுத்தேன். நீளம், இடுப்பு, துளையின் அகலம். துளையைச் சுற்றிய கோலத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். உள்ளே இருந்த முத்திரையை அப்படி எடுக்கக் கை நுழையவில்லை. பதினோரு வயதுக் கை இல்லை இப்போது. கண்ணாடியில் பார்த்து, இடம் வலம் மாற்றி வரைந்தேன். மிஞ்சிய இரண்டு இலக்கத்தையும் எழுதினேன். பிறகு, லேபிளைப் பார்த்து எழுதியிருந்த அந்தப் பட்டறை முகவரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம். இந்தக் கிடார் உங்கள் பட்டறையில் பிறந்ததா என்று கேட்டேன். தாள் எப்படிப் போயிற்று என்பதையும் எழுதினேன். ஒரு சிறுமி சுரண்டிவிட்டாள் என்று முதலில் எழுதி, அதை அடித்து, நான் சுரண்டிவிட்டேன் என்று மாற்றினேன். என் பெயரைக் கீழே முழுசாக எழுதினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் குன்னூர் தபால் ஆபீசில் நின்றேன். உறையின் மேல் இங்கிலீஷ் முகவரி. அதன் கீழே, நோட்டிலிருந்து பார்த்து வரைந்த அந்தக் கறுப்பு எழுத்துகள். கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னன்னு போட்டிருக்குதும்மா?"

"செஞ்சவர் பேருன்னு சொல்றாங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

அவர் எடை போட்டு, ரிஜிஸ்டர் முத்திரை குத்தி, ஜப்பான் போகிற தபால்களோடு அதைப் போட்டார்.